பெருநாள் ஷொட்டும் மூத்தம்மாட கடப்பாசியும்

ரெண்டு மூணு பெருநாளாக எங்கட பக்கத்தில் ஒரு சாமான் ஓடுகிறது. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கோப்பை, உள்ளே பொன் நிறத்தில் ஜெலி, அதுக்குள்ளே சிக்கி நிற்கிற நீர்க்குமிழிகள், மேலே பாதியாக வெட்டின ஒரு திராட்சை. பேர் ‘ஸ்பார்க்லிங் ஷொட்’. வெளிநாட்டில் புதுவருசப் பார்ட்டிகளுக்கு ஸ்பார்க்லிங் வைனை ஜெலட்டினில் உறைய வைத்துக் கொடுப்பார்களே, அதன் ஹலால் பிரதி. வைனுக்குப் பதிலாக காஸ் அடைத்த திராட்சைச் சாறு. போத்தல் மட்டும் அச்சொட்டாக ஷம்பெய்ன் போத்தல்தான்: கழுத்தில் தங்கத்தாள், திறந்தால் ‘டப்’ என்று சத்தம். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பெருநாள் பின்னேரம் மச்சிமார், ராத்தாமார், கூட்டாளிமார் ஒரு வீட்டு மாடியில் கூடுகிற கூட்டத்துக்கு இப்ப இது இல்லாமல் சரிவராது என்ற நிலை.

இதைப் பற்றி நடக்கிற சண்டையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம், “ஷொட் எண்டு பேர் வெச்சா அது என்ன புள்ள, நாளைக்கு என்ன வரும்?” என்று கேட்கிற மாமாமார். மறுபக்கம், “உள்ளுக்கு ஒண்டும் இல்லையே, வெறும் முந்திரிகைச் சாறுதானே” என்று பதில் சொல்கிற புள்ளைகள். நான் புள்ளைகளின் பக்கம். பேரை வைத்து ஒரு சாமானை மதிப்பிடுவதாக இருந்தால், பெருநாள் பகல் பிரியாணிக்குப் பிறகு ஜிஞ்சர் பியர் குடிக்காத மாமா ஒருத்தரையாவது காட்டுங்க பார்ப்போம். ‘பியர்’ என்று போத்தலிலேயே எழுதியிருக்கிறது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அந்தக் கோப்பையில் எனக்கு வேறொரு பிரச்சினை இருக்கிறது. பிரச்சினை பேரில் இல்லை, அந்த ஜெலியில்தான். கல்முனையில் பெருநாள் கொண்டாடுகிற ஒருத்தர் ஜெலட்டினைத் தேடிப் போவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அதைவிட நல்ல சாமான் எங்கட குசினியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. நாங்கள்தான் அதை நோன்பு திறக்கிற மேசையின் மூலையில், ரோஸ் நிறத்தில் சதுரமாக வெட்டி, “அது மூத்தம்மாட சாமான்” என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். கடப்பாசியைச் சொல்கிறேன்.

முதலில் ஷொட்டின் கதை. மதுவை ஜெலியாக்குவது புதிய யோசனையே இல்லை. ஜெரி தோமஸ் என்ற அமெரிக்கர் 1862இல் வெளியிட்ட பானப் புத்தகத்தில் ‘பஞ்ச் ஜெலி’ என்று ஒரு குறிப்பு உண்டு. இது நாக்குக்குத் தெரியாமல் ஏறும், கவனமாகச் சாப்பிடுங்க என்று அப்பவே எச்சரிக்கையும் போட்டிருக்கிறார். இன்றைக்குப் பார்ட்டிகளில் இருக்கிற சின்னக் கோப்பை வடிவத்துக்கு உரிமை கோரியவர் டொம் லேரர் என்ற பாட்டுக்காரர், கணக்கு வாத்தியாரும் கூட. 1950களில் அவர் இராணுவ சேவையில் இருந்த இடத்தில் மது தடை. கிறிஸ்மஸ் பார்ட்டி வருகிறது. பானம்தானே கூடாது, ஜெலி கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று வொட்காவை ஜெலிக்குள் உறைய வைத்துக் கொண்டுபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். அதாவது, மது இல்லாத பார்ட்டிக்குள் மதுவை மறைத்துக் கொண்டுபோகப் பிறந்த சாமான் இது. நாங்களோ உள்ளே மது இல்லாத ஒன்றுக்கு மதுவின் உடுப்பைப் போட்டு வெளியே காட்டுகிறோம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரித்துவிட்டு விடலாம், அதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை.

சரி, அதைச் செய்வது எப்படி? ஜெலட்டின் தூளை ஒள்ளம் குளிர்ந்த தண்ணியில் ஊற வைக்க வேண்டும். ஊறினதைச் சூடான சீனிப்பாகில் கரைக்க வேண்டும், கொதிக்க விடக்கூடாது. அது இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு, பிரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்த போத்தலைத் திறந்து, சட்டியின் ஓரத்தால் மெல்ல ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் நுரை எல்லாம் பறந்துவிடும், குமிழி மிஞ்சாது. பிறகு கோப்பைகளில் வார்த்து நாலு மணித்தியாலமாவது பிரிட்ஜில் வைக்க வேண்டும். இது நன்றாக வந்தால் அருமையான சாமான் என்பதை மறுக்க மாட்டேன். ஜெலட்டின் இளகுகிற சூடு கிட்டத்தட்ட 30 முதல் 35 பாகை. எங்கட உடம்புச் சூடு 37. அதனால் வாயில் வைத்த உடனே அது கரைகிறது, உள்ளே சிக்கியிருந்த குமிழிகள் நாக்கில் கூசுகின்றன. அந்த ஒரு நொடிக்காகத்தான் உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள்.

ஆனால் அந்த இலக்கத்தை இன்னொரு முறை பாருங்க. 30 முதல் 35. அது எங்கட வெளிச்சூடும்தான்! லண்டனில் டிசம்பர் மாதம் மேசையில் வைத்த கோப்பை பார்ட்டி முடியும் மட்டும் நிற்கும். கல்முனையில் ஒரு மாடி வீட்டில், பின்னேரம் 4 மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே? பிரிட்ஜிலிருந்து எடுத்துப் படம் பிடித்து முடிகிற நேரத்தில் ஓரத்தால் இளகத் தொடங்கும். அதுக்குப் பிறகு அது ஷொட் இல்லை, இனிப்புத் தண்ணி. கரண்ட் போனால் கதை முடிந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, அதுக்குப் பின்னால் உடனே நோன்பு பிறந்தது. பிரிட்ஜை நம்பி ஒரு பெருநாள் மேசையைத் திட்டம் போடுவது எவ்வளவு மோசமான யோசனை என்று அந்த வருசம் குசினியில் நின்ற ஆட்களிடம் கேளுங்க.

பிறையும் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் என்றால் பத்து நாள் முன்னமே திகதி தெரியும். நோன்புப் பெருநாள் அப்படியா? 29ஆம் நோன்பு திறந்து, மஃரிப் முடிந்து, கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் இருந்து அறிவிப்பு வரும் மட்டும் நாளைக்கு நோன்பா பெருநாளா என்று தெரியாது. சில வருசம் இஷாவும் கழிந்து விடும். ‘பிறை கண்டாச்சு’ என்ற பிறகுதான் குசினி துவங்குகிறது. தேங்காய் திருவ வேண்டும், வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்க வேண்டும், இறைச்சி கழுவ வேண்டும், புள்ளைகளின் உடுப்பை அழுத்த வேண்டும். அந்த இராத்திரியில் உம்மாமார் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அதுக்குள்ளே நாலு மணித்தியாலம் பிரிட்ஜில் இடம் பிடித்து நிற்கிற, ஊற வை, ஆற வை, குளிர வை என்று மூன்று முறை கூப்பிடுகிற ஒரு சாமானை நுழைக்கிறோம். பிரிட்ஜோ இறைச்சியாலும் பாலாலும் ஏற்கனவே நிறைந்திருக்கும்.

கடப்பாசி இந்த இராத்திரிக்கென்றே செய்தது போல. தண்ணியில் போட்டு, கொதிக்க விட்டு, முழுக்கக் கரையும் மட்டும் கிண்டி, சீனி போட்டு, தட்டில் வார்த்தால் முடிந்தது. 40 பாகைக்குக் கீழே இறங்கின உடனே தானாகவே உறையும், பிரிட்ஜ் வேண்டாம். உறைந்த பிறகு அதை மறுபடி இளக்க வேண்டுமென்றால் 85 பாகை அளவுக்குச் சூடாக்க வேண்டும். எங்கட வெயில் அதை என்ன செய்யும்? பெருநாள் காலையில் வார்த்தது இரவு கடைசி விருந்தாளி வரும் மட்டும் அதே சதுரமாக நிற்கும். இன்னொன்று: பச்சை அன்னாசியையும் பப்பாசியையும் ஜெலட்டினில் போட்டால் அது உறையாது. அந்தப் பழங்களில் இருக்கிற நொதியம் ஜெலட்டினின் புரதத்தை உடைத்து விடும். கடப்பாசி புரதம் இல்லை, அதனால் அதுக்கு ஒன்றும் நடக்காது. அன்னாசியும் பப்பாசியும் வீட்டு வாசலில் கிடைக்கிற ஊரில், அதைப் போட முடியாத ஜெலியை ஏன் கட்டிப் பிடிக்க வேண்டும்?

இந்தச் சூட்டுப் பிரச்சினையை 1881இல் ஜெர்மனியில் ஒரு பெண் தீர்த்து வைத்த கதை ஒன்று இருக்கிறது. கிருமிகளை வளர்த்துப் பார்க்க அந்தக் காலத்து ஆய்வாளர்கள் ஜெலட்டினைத்தான் பாவித்தார்கள். கோடை வந்தால் அது இளகி ஓடும், போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்றும் விடும். றொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸ என்பவர் இதோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். உங்கட ஜெலியும் புடிங்கும் மட்டும் வெயிலில் எப்படி நிற்கிறது என்று மனைவி ஃபானியிடம் கேட்டபோது, தான் போடுவது அகர் அகர் என்று அவர் சொன்னார். ஜாவாவில் இருந்து வந்த ஆட்களிடம் படித்த கைப்பக்குவம் அது. அகர் அகர் என்பதே மலாய்ச் சொல். இன்றைக்கு உலகத்தில் எந்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலும் கிருமி வளர்க்கிற தட்டில் இருப்பது எங்கட கடப்பாசிதான். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கொக் அகரைச் சொன்னார், ஃபானியின் பேரைச் சொல்லவில்லை. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கட வீட்டிலும் விருந்தாளிகள் “வாப்பாட வீட்டு வட்டிலப்பம்” என்றுதானே புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள்.

ஹலால் பற்றிக் கேட்பீர்கள். நான் மௌலவி இல்லை, சட்டம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘ஷொட்’ என்ற பேரைக் கேட்டுப் பதறுகிற ஆட்கள் ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது என்று கேட்பது குறைவு. பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு, மீன் தோல் என்று எதிலிருந்தும் அது வரலாம். பக்கற்றில் வெறும் ‘ஜெலட்டின்’ என்றோ, 441 என்ற இலக்கத்தோடோ போட்டிருந்தால் எது என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை. ஹலால் முத்திரை இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்த முத்திரைக்கு நடந்தது நினைவிருக்கும்தானே? பொது பல சேனாவின் எதிர்ப்புக்குப் பிறகு 2013 மார்ச்சில், உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் ஹலால் இலச்சினையை விலக்கிக் கொள்வதாக ஜம்இய்யத்துல் உலமா அறிவிக்க வேண்டி வந்தது. பிறகு அந்தச் சான்றிதழ் வேலை தனியான ஒரு நிறுவனத்திடம் போனது. ஒரு பக்கற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற சாதாரண ஆசையே இந்த நாட்டில் அரசியலாகிப் போனது.

எங்கட மாவட்டத்துக்கு இது இன்னும் கிட்ட நடந்தது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலடாக்கிற மருந்து கலக்கிறார்கள் என்று சொல்லிக் கடையை அடித்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னார்: அது மாவுக்கட்டி. மாவு சரியாகக் கரையாமல் போனது, அவ்வளவுதான். ஒரு சாப்பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியை மற்றவன் எங்களிடம் எப்படிக் கேட்டான் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். அதே கேள்வியை எங்கட புள்ளைகளிடம் நாங்கள் கேட்கும்போதாவது குரலை ஒள்ளம் இறக்கிக் கேட்கலாம். கடப்பாசிக்கு இந்தத் தலையிடி இல்லை. அதன் இலக்கம் 406, கடலில் முளைக்கிற செடி. யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கிறிஸ்மஸுக்கு வருகிற கல்முனைத் தமிழ்க் கூட்டாளிகள், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உட்பட, எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுக்கலாம்.

குமிழிதான் வேண்டும் என்கிறீர்களா? அதுவும் நடக்கும். ஆனால் முதலே சொல்லிவிடுகிறேன், கடப்பாசி வாயில் கரையாது. பல்லுக்குக் கீழே உடையும். ஜெலட்டினின் அந்த ஒரு நொடி கிடைக்காது, வேறொரு நொடி கிடைக்கும். எனக்கு அந்தக் கறுக்கென்ற உடைவுதான் பிடிக்கும், உங்களுக்கு எப்படியோ.

ஷம்பெய்ன் உடுப்புப் போட்ட போத்தலை விடுங்க, ஜிஞ்சர் பியர் எடுங்க. 250 மில்லிலீற்றர் தண்ணியில் 7 கிராம் அகர் தூள், அதாவது தட்டையாக மூன்று தேக்கரண்டிக்கு ஒள்ளம் கூட. நூல் கடப்பாசி என்றாலும் அதே நிறை, முதலில் ஊற வைத்துக் கொள்ளுங்க. நன்றாகக் கொதித்துத் தெளியும் மட்டும் கிண்டுங்க, ஒரு துணிக்கை மிஞ்சினாலும் வாயில் மணல் மாதிரி இருக்கும். தண்ணி வற்றினால் வற்றின அளவு சுடுதண்ணி விடுங்க. சீனி ஒரு மேசைக்கரண்டி போதும், ஜிஞ்சர் பியரிலேயே வேண்டிய இனிப்பு இருக்கிறது. அடுப்பை நிப்பாட்டின பிறகு தேசிக்காய்ப் புளி. கொதிக்கும்போது புளி விட்டால் கடப்பாசி பலம் இழக்கும்.

இப்ப 500 மில்லிலீற்றர் ஜிஞ்சர் பியர். இதில்தான் எல்லாரும் வழுக்குவார்கள்: வைனுக்குச் சொன்ன மாதிரி குளிர்ந்த போத்தலை ஊற்றக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்க. 90 பாகையில் 250 மில்லியோடு, வெளியில் வைத்த 30 பாகை போத்தல் 500 மில்லி சேர்ந்தால் கலவை 50 பாகைக்கு வரும். உறைகிற இடத்துக்கு 10 பாகை மேலே, கோப்பையில் வார்க்க நேரம் இருக்கிறது. பிரிட்ஜிலிருந்து எடுத்த 5 பாகை போத்தல் என்றால் கலவை 33க்கு இறங்கும். சட்டிக்குள்ளேயே கட்டி கட்டியாக உறைந்து போகும், பிறகு அதை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது. பெரிய சட்டியாக எடுங்க, சூட்டோடு சேரும்போது நுரை பொங்கும். ஓரத்தால் ஊற்றி, ஒரே ஒரு கிண்டு, உடனே வார்ப்பு. காஸில் பாதிக்கு மேல் போய்விடும். ஆனால் சில நிமிசத்திலேயே உறையத் தொடங்குவதால் மிச்சக் குமிழி அங்கங்கே, கோப்பையின் சுவரோடும் மேல்பக்கத்திலும், சிக்கி நிற்கும். வெளிச்சத்தில் பிடித்தால் நல்ல வடிவு. 50 மில்லி கோப்பை என்றால் 15 வரும். இஞ்சி தொண்டையில் காரமாக ஏறும், அந்தத் திராட்சைச் சாற்றில் இல்லாத குணம் அது. கசகசா ஊற வைத்து அடியில் ஒரு கரண்டி போட்டால் இன்னும் நல்லம்.

கடப்பாசியைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்பதற்காக அது பாவமறியாத சாமான் என்று சொல்லவும் மனமில்லை. அது எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் எங்கட தீவின் யாழ்ப்பாண, கற்பிட்டிப் பக்கத்துக் களப்புகளில் எடுத்த பாசி ‘சிலோன் மொஸ்’ என்ற பேரில் ஐரோப்பிய மருந்துப் புத்தகங்கள் வரை போயிருக்கிறது. இன்றைக்கு நாங்கள் வாங்குகிற பக்கற்றுகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரம் மாவட்டத்தில், மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் முங்கிப் பாறையிலிருந்து பாசி பறிப்பது பெண்கள். கைவிரலில் துணியைச் சுற்றிக் கொண்டு, காலுக்கு ரப்பர் செருப்பு. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு அந்த வேலையே வனத்துறையோடு இழுபறியாகிப் போனது. பாம்பனுக்குப் பக்கத்தில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, அந்தப் பெண்களின் உரிமைக்காகவும் பாசியை அழியாமல் எடுக்கிற முறைக்காகவும் உழைத்ததற்கு 2015இல் சீகொலொஜி விருது பெற்றார். கடலுக்குள் பறிப்பதும் பெண், ஜெர்மனியில் ஆய்வுகூடத்துக்கு எடுத்துக் கொடுத்ததும் பெண், பிறை இராத்திரியில் அடுப்படியில் நின்று கிண்டுவதும் பெண்.

கிழக்கில் எங்கட வழக்கப்படி வீடு பெண் புள்ளைக்குத்தான் என்று பெருமையாகச் சொல்வோம். வீட்டோடு சேர்த்து அந்த வீட்டின் அடுப்பையும் அவவிடமே கொடுத்துவிட்டுக் கைகழுவி விடுகிறோம். அதனால்தான் ஸ்பார்க்லிங் ஷொட் செய்கிற தங்கச்சிமாரை ஏசுவதில் எனக்கு இஷ்டமில்லை. அவர்கள் கேட்பது பெருநாள் பின்னேரத்தில் தங்களுக்கென்று ரெண்டு மணித்தியாலம், ஒரு மாடி, வடிவான ஒரு கோப்பை. ஆம்பிளைகளுக்குக் கடற்கரை இருக்கிறது, பைக் இருக்கிறது, அறுகம்பை வரைக்கும் ஓடலாம். இவர்களுக்கு அந்த மாடிதான். அந்தக் கோப்பையில் என்ன பேர் எழுதியிருக்கிறது என்பதை விட, அதை நிரப்ப எத்தனை மணிக்கு எழும்ப வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குக் கேட்க வேண்டிய கேள்வியாகப் படுகிறது.

கடப்பாசி கிண்ட 20 நிமிசம் போகும். பிறை அறிவித்த உடனே பைக்கை எடுத்துக் கொண்டு ரவுனுக்குப் போகிற தம்பிமாரே, காக்காமாரே, கடை இரவு 12 மணிக்கும் திறந்துதான் இருக்கும். போகிறதுக்கு முன்னம் அந்தச் சட்டியை ஒருக்கா வாங்கிக் கிண்டுங்க. அடி பிடிக்க விடாமல், ஒரே பக்கமாக. வரும்போது ஜிஞ்சர் பியர் ரெண்டு போத்தல், பிரிட்ஜில் வைக்காததாகப் பார்த்துக் கேட்டு வாங்கிட்டு வாங்க.